சாமையும் சவ்வரிசியும்

நுழையும்முன்

உணவை அளவறிந்து உண்ண வேண்டும் என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த உண்மை. இன்று அந்த அளவு, கலோரி என்னும் எண்ணாக மாறித் திறன்பேசியின் திரையில் தோன்றுகிறது. உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் பலர் அந்த எண் ஒன்றையே நம்புகின்றனர். அந்த நம்பிக்கை எந்த அளவிற்குச் சரியானது? கொல்லிமலையில் விளையும் இரு பயிர்களின் துணைகொண்டு இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

இரு பயிர்கள், ஓர் எண்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக எழுந்து நிற்கிறது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் சோளக்காடு வரும். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்க இலக்கியம் போற்றும் இம்மலையில் வாழும் மக்களுள் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசும் மொழி தமிழே.

இம்மலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக விளைந்தவை சாமை, தினை, கேழ்வரகு, வரகு முதலிய சிறுதானியங்கள். சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, வெள்ளப்பெருஞ் சாமை எனப் பல வகைகள் உண்டு. தினையிலும் செந்தினை, பெருந்தினை என வேறுபாடுகள் உண்டு. கடந்த சில பத்தாண்டுகளில் இவை விளைந்த நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. வட்டார வழக்கில் குச்சிக்கிழங்கு எனப்படும் அக்கிழங்கு, சரக்குந்துகளில் ஏறி மலையிறங்கிச் சேலம், நாமக்கல் பகுதிகளின் ஆலைகளை அடைகிறது. அங்கே அது அரைக்கப்பட்டு, மாவுப்பொருள் மட்டும் பிரிக்கப்பட்டு, வெண்ணிற மணிகளாக உருட்டப்பட்டுச் சவ்வரிசியாகிறது.

சாமை, சவ்வரிசி ஆகிய இரண்டையும் ஊட்டச்சத்து அட்டவணையில் வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 100 கிராம் சாமை தரும் ஆற்றல் ஏறத்தாழ 341 கிலோ கலோரி. 100 கிராம் சவ்வரிசி தரும் ஆற்றல் ஏறத்தாழ 351 கிலோ கலோரி. தீட்டிய பச்சரிசிக்கு அது 345. மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் புரதத்தைப் பார்த்தால் நிலைமை வேறு. சாமையில் 7.7 கிராம், அரிசியில் 6.8 கிராம், சவ்வரிசியில் 0.2 கிராம். நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் சாமையில் உண்டு. சவ்வரிசியில் அவை பெயரளவிற்கே உள்ளன.

கலோரியை மட்டும் எண்ணுபவருக்கு இம்மூன்றும் ஒன்றுதான். உடலுக்கும் இம்மூன்றும் ஒன்றுதானா?

கலோரி என்னும் அளவுகோல்

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே ஒரு கிலோ கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது இதனையே சுருக்கமாகக் கலோரி என்கின்றனர். மூடிய உருக்குக் கலத்தில் உணவை முழுமையாக எரித்து, கலத்தைச் சூழ்ந்துள்ள நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தால் அவ்வுணவில் அடங்கிய ஆற்றல் தெரியவரும்.

உணவு கலத்தில் எரிவதும் உடலில் செரிப்பதும் ஒன்றல்ல என்பதை அறிஞர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். அமெரிக்க வேதியியலாளர் வில்பர் ஆலின் அட்வாட்டர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மனிதர் உள்ளே தங்கி உண்டு உறங்கக்கூடிய அறை போன்ற ஒரு கருவியை அமைத்தார். உள்ளிருப்பவர் உண்ட உணவு, வெளியிட்ட வெப்பம், கழிவு ஆகிய அனைத்தும் அளக்கப்பட்டன. இத்தகைய ஆய்வுகளின் பயனாக, மாவுச்சத்தும் புரதமும் கிராமிற்கு 4 கிலோ கலோரியும் கொழுப்பு கிராமிற்கு 9 கிலோ கலோரியும் தரும் என்னும் பொதுக்கணக்கு உருவானது. இன்றும் உணவுப் பொட்டலங்களின் மீது அச்சிடப்படும் எண்களுக்கு அடிப்படை இக்கணக்கே.

இந்திய உணவுகளுக்கு இத்தகைய அட்டவணை உருவானதில் தமிழ்நாட்டிற்குப் பெரும்பங்கு உண்டு. 1918ஆம் ஆண்டில் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுப்பிரிவாகத் தொடங்கியதே, பின்னர் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அதே 1918ஆம் ஆண்டில், கொல்லிமலைக்கு அண்மையில் உள்ள சேலத்தில் பிறந்தவர் சி. கோபாலன். அந்நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய அவர், தம் உடன் ஆய்வாளர்களோடு இணைந்து இந்திய உணவுகளின் ஊட்ட மதிப்பைத் தொகுத்து 1971இல் நூலாக்கினார். 500க்கும் மேற்பட்ட உணவுகளின் ஆற்றலோடு புரதம், கொழுப்பு, சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து முதலியவற்றையும் அந்நூல் வரிசைப்படுத்தியது. கலோரி அந்த அட்டவணையின் பல நிரல்களுள் ஒன்று. காலப்போக்கில் மக்கள் அந்த ஒரு நிரலை மட்டுமே படிக்கத் தொடங்கினர்.

கணக்கில் உள்ள உண்மை

கலோரிக் கணக்கு பொய்யன்று. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்னும் இயற்பியல் விதிக்கு மனித உடலும் கட்டுப்பட்டதே. உட்கொள்ளும் ஆற்றல் செலவாகும் ஆற்றலைவிட மிகுந்தால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். குறைந்தால் சேர்ந்திருப்பது கரையும். இவ்விதியை மீறி எந்த உணவும் எந்த மருந்தும் கொழுப்பைக் கரைப்பதில்லை. ‘எவ்வளவு உண்டாலும் இளைக்கலாம்’ என்று கூறும் விளம்பரங்கள் ஏமாற்றுபவை என்பதை இவ்விதி ஒன்றைக் கொண்டே அறியலாம்.

பசித்திருக்கும் வீட்டில் கலோரியே முதல் கேள்வி. 2011 முதல் தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் வழங்கப்படும் விலையில்லா அரிசி, எண்ணற்ற குடும்பங்களின் பசியைத் தணித்துள்ளது. மலைமேல் வாழ்வோர்க்கும் அது பெருந்துணை. வயிறு நிறைந்த பின்னர் எழுவது அடுத்த கேள்வி: நிறைந்தது எதனால்?

கணக்கு பிசகும் இடங்கள்

கழித்தல் கணக்கு எளிது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கிலோ கலோரி அடங்கியிருப்பதாகக் கொள்வர். நாள்தோறும் 500 கிலோ கலோரியைக் குறைத்துக்கொண்டால் ஓராண்டில் ஏறத்தாழ 24 கிலோ குறைய வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் ஓராண்டில் 36 கிலோவாகவும் ஈராண்டில் 12 கிலோவாகவும் ஆக வேண்டும். இவ்வாறு எங்கும் நிகழ்வதில்லை. கணக்கில் எழுதப்படாத சில செய்திகளே அதற்குக் காரணம்.

முதலாவது, உண்டதெல்லாம் உடலில் சேர்வதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012இல் வாதுமைப் பருப்பை ஆராய்ந்தனர். பொதுக்கணக்கின்படி 28 கிராம் பருப்பு ஏறத்தாழ 170 கிலோ கலோரி தர வேண்டும். உண்டவர் உடலில் சேர்ந்ததோ ஏறத்தாழ 129 மட்டுமே. பருப்பின் செல்சுவர்களுக்குள் சிக்கிய கொழுப்பின் ஒரு பகுதி செரிக்காமலேயே வெளியேறிவிடுகிறது. நார்ச்சத்து நிறைந்த முழுத்தானியங்களிலும் செரிமானம் மெதுவாகவே நிகழ்கிறது. நன்கு அரைத்துப் பிரித்தெடுக்கப்பட்ட மாவுப்பொருளுக்கு அத்தகைய தடை ஏதுமில்லை.

இரண்டாவது, செரிப்பதற்கும் ஆற்றல் செலவாகிறது. புரதம் தரும் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு வரை அதனைச் செரித்துப் பயன்கொள்வதிலேயே செலவாகும். மாவுச்சத்திற்கு அது 5 முதல் 10 விழுக்காடு. கொழுப்பிற்கு 3 விழுக்காட்டிற்குள். ஆகவே 100 கலோரி புரதமும் 100 கலோரி கொழுப்பும் அட்டவணையில் சமம். உடலுக்குக் கிடைக்கும் நிகர வரவில் சமமல்ல.

மூன்றாவதாகக் கூறப்படுவதே மிக முதன்மையானது. எவ்வளவு உண்கிறோம் என்பதைப் பெரும்பாலும் உணவே முடிவு செய்கிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஓரிடத்தில் தங்கவைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. இரு வாரங்கள் ஆலையில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரு வாரங்கள் பெரிதும் பதப்படுத்தப்படாத உணவும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. பரிமாறப்பட்ட இருவகை உணவிலும் ஆற்றல், சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியன சமமாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. வேண்டிய அளவு உண்ணலாம் என்று மட்டுமே கூறப்பட்டது. பதப்படுத்தப்பட்ட உணவை உண்ட நாள்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ கலோரி கூடுதலாக உண்டனர். எடை ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது. மற்ற உணவை உண்டபோது அதே அளவு எடை குறைந்தது. எவரும் எண்ணவில்லை, எவரும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளவும் இல்லை. தட்டில் இருந்த உணவின் தன்மையே உண்ணும் அளவை மாற்றியது.

நான்காவது, உடல் தன் செலவைத் தானே மாற்றிக்கொள்கிறது. வரவு குறைந்தால் செலவைச் சுருக்கும் குடும்பத்தலைவி போன்றது உடல். இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், 1944 – 45ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். போரால் பட்டினியுற்ற மக்களுக்கு மறுவாழ்வளிக்கும் வழியைக் கண்டறிவதே அதன் நோக்கம். தாமே முன்வந்த அவ்விளைஞர்கள் ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்தம் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலோ அதனினும் மிகுதியாக, ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. உடல் குளிர்ந்தது, இதயத்துடிப்பு தளர்ந்தது, மனம் சோர்ந்தது. பகலிலும் கனவிலும் உணவைப் பற்றிய எண்ணமே அவர்களை ஆட்கொண்டது.

இவற்றோடு உறக்கமும் சேர்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குறைவாக உறங்கிவந்த, உடல் எடை மிகுந்த 80 பேருள் ஒரு பகுதியினர் நாள்தோறும் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாக உறங்கப் பழக்கப்பட்டனர். உணவைக் குறைக்குமாறு எவரும் அவர்களிடம் கூறவில்லை. ஆயினும், வழக்கம்போல் உறங்கியவர்களோடு ஒப்பிட அவர்கள் உட்கொண்ட ஆற்றல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கிலோ கலோரி குறைந்திருந்தது. நள்ளிரவு வரை கண்விழித்துக் கலோரிச் செயலியைப் பார்த்துக்கொண்டிருப்பவர், எண்ணுவதற்கு எதிரான வேலையையே செய்துகொண்டிருக்கிறார்.

தெரிந்து தெளிவோம்

மலையேறினால் எவ்வளவு ஆற்றல் செலவாகும்?

50 கிலோ எடையுள்ள ஒருவர் கொல்லிமலையில் 1000 மீட்டர் உயரம் நடந்தே ஏறுவதாகக் கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகியவற்றைப் பெருக்கினால் 50 × 9.8 × 1000 = 4,90,000 ஜூல். இது ஏறத்தாழ 117 கிலோ கலோரி. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இயக்கமாக மாறுகிறது. எஞ்சியது வெப்பமாக வெளியேறுகிறது. எனவே உண்மையில் செலவாவது ஏறத்தாழ 470 கிலோ கலோரி. இவ்வாற்றலை ஏறத்தாழ 135 கிராம் சவ்வரிசி ஈடுசெய்துவிடும். உடற்பயிற்சி இதயத்திற்கும் தசைக்கும் மனத்திற்கும் இன்றியமையாதது. ஆயினும் எடைக்குறைப்பு முழுவதையும் அதன்மீது ஏற்றிவைத்தல் இயலாது.

கொல்லிமலை தரும் பாடம்

மேற்கூறியவற்றை மனத்தில் கொண்டு மீண்டும் சாமையையும் சவ்வரிசியையும் நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். சாமைச் சோற்றில் நார்ச்சத்தும் புரதமும் இருப்பதால் அதனை மென்று உண்ண வேண்டும், செரிக்க நேரமாகும், வயிறு நிறைந்த உணர்வும் நீடிக்கும். சவ்வரிசி ஏறத்தாழ முழுவதும் மாவுப்பொருள். பாலும் சர்க்கரையும் சேர்ந்த பாயசமாகும்போது அது தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். குடித்தவர் இன்னொரு குவளை கேட்பார். எண் ஒன்றாயினும் உடல் அவற்றை நடத்தும் முறை வேறு. சிறுதானியமும் பெயரால் மட்டும் நன்மை தருவதில்லை. தவிடு முழுவதும் நீங்கத் தீட்டப்பட்டு, நுண்மாவாக அரைக்கப்பட்டு, சர்க்கரை சேர்ந்த இனிப்பு ரொட்டியானால் சாமையும் தன் இயல்பில் பெரும்பகுதியை இழக்கும்.

இத்தகைய தானியத்தை மலைமக்கள் ஏன் கைவிட்டனர்? அவர்களைக் குறை கூறுதல் எளிது. அவர்தம் உழைப்பை அறிதல் தேவை. சாமையின் உமி எளிதில் நீங்காது. உரலிலிட்டு உலக்கையால் பலமுறை குத்திப் புடைத்தாக வேண்டும். அந்த உழைப்பு முழுவதும் பெண்களின் தோள்மீதே விழுந்தது. மரவள்ளியோ பறித்த நாளிலேயே பணமாகும். பிள்ளைகளின் கல்விச் செலவிற்கும் மருத்துவச் செலவிற்கும் அப்பணம் வேண்டியிருந்தது. நியாயவிலை அரிசி குத்தாமலேயே உலையில் ஏறியது. ஒவ்வொரு குடும்பமும் தன்னளவில் பொருத்தமான முடிவையே எடுத்தது. அம்முடிவுகள் ஒன்றுகூடியபோது, மலையின் விதைகள் அருகின.

எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1990களிலிருந்து கொல்லிமலையில் இச்சிக்கலை ஆராய்ந்து செயலாற்றி வருகிறது. விதைகளைச் சேமித்துத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் சமுதாய விதை வங்கிகள் ஊர்களில் உருவாயின. உலக்கைக்கு மாற்றாகச் சிறுதானியம் உடைக்கும் எந்திரங்கள் ஊர்களுக்கு வந்தன. பெண்கள் தன்னுதவிக் குழுக்களாக இணைந்து சாமையையும் தினையையும் விற்பனைப் பொருளாக்கினர். 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தபோது உலகம் பேசியதை, இம்மலையின் பெண்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே செய்யத் தொடங்கியிருந்தனர். நல்லுணவைத் தேர்ந்தெடுப்பது தனியொருவரின் மன உறுதியை மட்டும் பொறுத்ததன்று என்பதை இம்முயற்சி உணர்த்துகிறது. விலை, உழைப்பு, எந்திரம், சந்தை ஆகியனவும் ஒருவரின் தட்டை நிரப்புகின்றன.

வளரும் பருவமும் எடையும்

பதினாறு, பதினேழு வயதில் கண்ணாடி முன் நிற்கும் மாணவர் பலர் தம் உடலைப் பிறர் உடலோடு ஒப்பிட்டு வருந்துகின்றனர். காலை உணவைத் தவிர்த்தல், நண்பகல் உணவைத் தோழியிடம் கொடுத்துவிடுதல், நாள் முழுவதும் பழச்சாற்றை மட்டும் அருந்துதல் எனத் தாமே வழிகளை வகுத்துக்கொள்கின்றனர். எண் குறைந்தால் வெற்றி என்று கருதுகின்றனர். மின்னசோட்டா இளைஞர்களின் பட்டறிவு இங்கே நினைக்கத்தக்கது. எடை காட்டும் கருவி கொழுப்பையும் தசையையும் நீரையும் பிரித்தறியாது. பட்டினியால் குறையும் எடையில் தசையும் அடங்கும்.

எலும்புகள் தம் வலிமையின் பெரும்பகுதியைப் பெறுவது இவ்வளரிளம் பருவத்தில்தான். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 344 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. மாதந்தோறும் குருதியை இழக்கும் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்தின் தேவை மிகுதி. கலோரிச் செயலி இவற்றுள் எதனையும் முதன்மைப்படுத்திக் காட்டுவதில்லை. அது ‘இன்று இலக்கை எட்டிவிட்டீர்’ என்று பாராட்டும் நாளிலேயே உடல் எலும்பிற்கும் குருதிக்கும் வேண்டியதைப் பெறாமல் இருக்கக்கூடும்.

உண்மையிலேயே எடை மிகுந்தவர் அதனைக் குறைத்தல் நன்று. தைராய்டு சுரப்பிக் குறைபாடு, சில மருந்துகள், மரபுக்கூறு ஆகியனவும் எடையைப் பாதிக்கும் என்பதால், வளரும் பருவத்தினர் மருத்துவரின் அறிவுரையோடே அதில் இறங்க வேண்டும். பருத்த உடலை நகையாடுவோர், எடை என்பது ஒழுக்கக்குறைவு என்று எண்ணுகின்றனர். மேலே கூறிய காரணங்களுள் ஒன்றையேனும் அறிந்தவர் அவ்வாறு நகையாட மாட்டார்.

அளவும் பண்பும்

திருக்குறளின் மருந்து அதிகாரம் உணவைப் பற்றிக் கூறுவன இங்கு ஒப்புநோக்கத்தக்கவை. முன் உண்டது செரித்ததை அறிதல், உடலுக்கு மாறுபடாத உணவைத் தேர்தல், நன்கு பசித்தபின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல் என வள்ளுவர் பல நெறிகளைச் சேர்த்தே வகுத்தார். அவற்றுள் அளவும் ஒன்று. அளவு மட்டுமே அன்று.

கலோரி ஒரு நல்ல அளவுகோல். நிலத்தின் நீள அகலத்தை அளக்கும் சங்கிலி, அந்நிலத்தின் மண்வளத்தைக் கூறாது. அதற்காகச் சங்கிலியை எறிய வேண்டியதில்லை; மண்ணையும் கையிலெடுத்துப் பார்த்தால் போதும். எடை குறைவதற்கு ஆற்றல் வரவு குறைய வேண்டும் என்பது விதி. அவ்வரவு துன்பமின்றிக் குறைவதும், குறைந்த எடை நிலைத்திருப்பதும், உடல் வலிமை இழக்காமல் இருப்பதும் உணவின் பண்பு, உழைப்பு, உறக்கம் ஆகியவற்றைப் பொறுத்தவை. கொல்லிமலைச் சரிவில் அறுவடைக்குக் காத்திருக்கும் சாமைக் கதிர், அந்தப் பண்பை இன்னும் தன்னுள் வைத்திருக்கிறது. அதனை விளைவிப்போரும் உண்போரும் இருக்கும் வரை அது நிலைக்கும்.

சொல்லும் பொருளும்

உமி – தானியத்தின் மேல்தோல்
புடைத்தல் – முறத்திலிட்டுத் தூற்றித் தூய்மை செய்தல்
நிரல் – அட்டவணையின் வரிசை
பட்டறிவு – அனுபவம்
நகையாடுதல் – ஏளனம் செய்தல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு முதியோரிடம், அவர்தம் இளமையில் உண்ட தானியங்களையும் அவற்றைச் சமைத்த முறைகளையும் கேட்டறிந்து தொகுக்க.
2. உணவுப் பொட்டலங்கள் ஐந்தினைத் திரட்டி, அவற்றில் அச்சிடப்பட்டுள்ள ஆற்றல், புரதம், சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் அளவுகளை ஒப்பிட்டு அட்டவணை உருவாக்குக.
3. ‘சிறுதானியம் மீண்டும் வீட்டுணவாக வேண்டுமெனில் மாற வேண்டுவது மக்களின் மனமா, சந்தையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

வினாக்கள்

1. சாமையும் சவ்வரிசியும் கலோரியில் ஒத்திருப்பினும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. கழித்தல் கணக்கின்படி எடை குறையாமைக்குப் பாடம் கூறும் காரணங்களைத் தொகுத்து எழுதுக.
3. கொல்லிமலை மக்கள் சிறுதானியச் சாகுபடியைக் குறைத்துக்கொண்டதற்கான சூழலையும், அதனை மீட்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும் விளக்குக.